குளியலறையில் ஒரு பிரிவுபசாரம்

என் அக்காவுக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் மற்றவர்களுக்கு முட்டிவலி பிடிக்கும், சர்க்கரை பிடிக்கும். இவளுக்கு இது. பிடித்ததைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். அது அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால்தான், தப்புச் செய்தது அவளாக இருந்தும், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவுக்குச் சலவைக் கடையில் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், இன்னும் அதே மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். துணி வாங்குவாள், கறை எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்துவாள், கடைசியில் பாக்கெட்டுகளைத் துழாவுவாள். இந்தப் பாக்கெட் துழாவுவதுதான் அந்தக் கடையில் பெரிய பொறுப்பு. என்னென்னவோ வரும். இரண்டு பேர் சினிமா பார்த்த டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு, கழற்றிப் போட்ட மோதிரம். எது வந்தாலும் ஒரு கவரில் போட்டு, அதே எண்ணை எழுதி, துணியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பாள். கொடுக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

என்னிடமும் வாயைத் திறக்க மாட்டாள். அவள் வீடு மூன்றாவது மாடி, என் வீடு அதற்கு நேர் கீழே. எதிர்க் கட்டடத்து வக்கீல் கோட்டில் என்ன இருந்தது என்று ஒரு தடவை நச்சரித்து எடுத்துவிட்டேன்.

"நூல் இருந்துச்சு" என்றாள்.

"நூலா? உன் மூஞ்சியைப் பாத்தா நூல் மாதிரித் தெரியலயே."

"பாக்கெட்டுல இருந்தது பாக்கெட்டுக்குத்தான். வாய்க்கு இல்ல. போய் வேலையைப் பாரு."

இப்படிப்பட்டவள்தான். அதனால்தான் நடந்ததை நம்பவே முடியவில்லை.

கடைக்குப் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமை மதியம் கதை எழுதப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். நடத்தியது ஒரு எழுத்தாளரம்மா. மூன்று புத்தகம் போட்டவர் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் படித்ததில்லை, அது அவர் குற்றமில்லை. அக்கா சும்மா எட்டிப் பார்க்கப் போனாள், போய் உட்கார்ந்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு பயிற்சி. முதல் வாரம், மணி அடிக்கும்வரை பேனாவைத் தூக்கக் கூடாது. எழுத ஒன்றும் இல்லை என்றால் 'எழுத ஒன்றும் இல்லை' என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அக்கா ஒரு பக்கம் முழுக்க அதைத்தான் எழுதினாள். கடைசி வரியில் மட்டும் 'கை வலிக்கிறது' என்று எழுதினாளாம். எழுத்தாளரம்மா அந்த வரியைப் பாராட்டிவிட்டார். அவ்வளவுதான், அக்கா தலைகீழாக மாறிவிட்டாள்.

அடுத்த வாரம், வாசனை என்ற சொல் வராமல் ஒரு வாசனையை எழுத வேண்டும். அதற்கடுத்த வாரம், ஒரு பொருளாகத் தன்னை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். அக்கா குண்டூசியாக மாறினாள். ஊரார் துணியையெல்லாம் தன்னைக் குத்தவைத்துவிட்டு, கடைசியில் தன்னைப் பிடுங்கி டப்பாவில் போடுகிறார்கள் என்று குண்டூசி அழுதது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி, சிரி. உன் செருப்பு உன்னைப் பத்தி என்ன நினைக்கும், சொல்லு பாப்போம்" என்றாள்.

"இவ எப்ப உக்காருவான்னு நினைக்கும்."

"அதை எழுது. அதான் கதை."

வீட்டிலும் பயிற்சி ஓயவில்லை. ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துப் பார்த்து எழுதுவாள். பேருந்தில் பின்சீட்டுக்காரர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து எழுதுவாள். சாதம் குழையும். மாமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். நாள் முழுக்கப் பேசியதை எண்ணினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடும். அந்த வேலையில் எப்போதும் இரண்டு பேர் ஜோடியாகப் போக வேண்டும். ஒருத்தர் மேலே மோட்டார் அறையில், இன்னொருத்தர் கீழே குழிக்குள். கீழே இருப்பவர் தலைக்கு மேல் மொத்தப் பெட்டியும் தொங்கும். மேலே இருப்பவர் 'நிறுத்திட்டேன்' என்று குரல் கொடுத்தால்தான் கீழே இருப்பவர் கையை உள்ளே விடலாம். மாமாவுக்கு மேலே நின்றவர் பல வருஷமாக ஒரே ஆள். பார்ட்னர் என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கும் அவர் பார்ட்னர்தான்.

பார்ட்னர் வயதில் மூத்தவர், மாமாவுக்குச் சில வருஷம் முன்பே ஓய்வு பெற்றார். கம்பெனியில் பிரிவுபசார விழா வைத்தார்கள். மேலாளர் பேசினார், சங்கத்துக்காரர் பேசினார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா மைக் முன்னால் போய் நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. மைக் இரைந்துகொண்டே இருந்தது. மாமா நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் யாரோ புண்ணியவான் பின்னாலிருந்து கைதட்ட, எல்லோரும் தட்டி அவரைக் கீழே இறக்கினார்கள். பார்ட்னர் அவர் தோளில் கை போட்டு, "விடுய்யா, இத்தனை வருஷம் மேலயும் கீழயும் கத்தினது பத்தாதா" என்றார். மாமாவும் சிரித்தார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் காலையிலிருந்து மாமா குளியலறையில் அந்த உரையைப் பேச ஆரம்பித்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். ஆனால் வாளி நிறைந்தால் குழாயை மூடித்தானே ஆக வேண்டும்? அப்போதுதான் முக்கியமான இடமெல்லாம் வரும். குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே காற்றுத் துவாரம். அடுப்படியில் நின்ற அக்காவுக்கு அட்சரம் விடாமல் கேட்கும். தினமும் ஒரு சொல்லை மாற்றுவார், ஒரு வரியைச் சேர்ப்பார், பிடிக்காவிட்டால் "ம்ஹூம்" என்று சொல்லி மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்குவார். பிறகு ஒருநாள் பார்ட்னர் மாரடைப்பில் போய்விட்டார். இனி நின்றுவிடும் என்று அக்கா நினைத்தாள். நிற்கவில்லை. 'இன்று ஓய்வு பெறும் என் நண்பர்' என்றுதான் அப்புறமும் பேசினார்.

கேட்டதாக அக்கா காட்டிக்கொண்டதே இல்லை. கீழ்வீட்டில் இருக்கிற எனக்கே தெரியாது. நான் இப்போது சொல்வதெல்லாம் அவள் பிறகு சொல்லி அழுதது.

வகுப்பு முடியப் போகிற சமயத்தில் எழுத்தாளரம்மா கதையை மாற்றிக்கொள்ளும் பயிற்சி ஒன்று கொடுத்தார். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். யாரிடமும் சொல்லாத உண்மை ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தனக்கே நடந்ததாக, 'நான்' என்று போட்டு எழுத வேண்டும். சொன்னவர் அதைத் தன்னுடையது என்று திரும்பக் கேட்கக் கூடாது. அக்காவுக்கு ஜோடியாக வந்தவர் ஒரு டியூஷன் மாஸ்டர். நல்ல மனிதர், நல்ல குரல்.

அக்காவிடம் சரக்குக்கா பஞ்சம்? ஆனால் தலைக்குள் இருந்த கதை ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் சீட்டு குத்தியிருந்தது. அது எதையும் தொடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். எனக்கே எனக்கென்று என்ன இருக்கிறது என்று தேடினாள். நம் வீட்டு விஷயம் நம்முடையதுதானே என்று நினைத்தாள். இந்த இடத்தில்தான் புத்தி பிசகியது. ஊரான் பாக்கெட்டையெல்லாம் கட்டிக் காத்தவள் புருஷன் பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டாள்.

கொட்டும்போது இனித்ததாம். அதையும் அவளே சொன்னாள். மாஸ்டர் கண் இமைக்காமல் கேட்டார். 'அப்புறம்?' 'அப்புறம்?' என்று கேட்கக் கேட்க, மாமா எப்படி நிற்பார், எங்கே இருமுவார், எந்த இடத்தில் குரல் உடையும் என்று நடித்தே காட்டிவிட்டாள். தெரிந்த ஒருத்தர் என்றாளே தவிர, புருஷன் என்று மட்டும் சொல்லவில்லை. பதிலுக்கு அவர் சொன்னது ஒரு குடை தொலைந்த கதை. அதை அக்கா எழுதி, சரியில்லை என்று கிழித்துப் போட்டாள்.

வகுப்பு முடிவில் நூலகக் கூடத்தில் வாசிப்பு நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் தாங்கள் எழுதியதில் நன்றாக வந்ததை வாசிக்க வேண்டும், வீட்டு மனிதர்களையும் அழைத்து வரலாம். மாஸ்டர் மழையைப் பற்றிய கதை ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து எழுதிக்கொண்டிருந்தார், அதைத்தான் வாசிப்பார் என்று அக்கா நம்பினாள். இருந்தாலும் உள்ளுக்குள் உறுத்தல்.

"நீங்க வர வேணாம். உங்களுக்குப் போரடிக்கும்" என்று மாமாவிடம் சொன்னாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. "பொண்டாட்டி மைக்ல பேசப் போறா, வராம எப்படி? கிளம்புங்க மாமா" என்று பிடிவாதம் பிடித்தேன். அக்கா கூச்சப்படுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாமா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "அவ தைரியசாலி. பேசிடுவா" என்றார்.

வாசிப்பவர்களுக்கு முன் வரிசை. நானும் மாமாவும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். அக்கா குண்டூசிக் கதையை வாசித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் வாசித்துவிட்டாள். எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும் மாமா தட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேருக்குப் பிறகு டியூஷன் மாஸ்டர் எழுந்தார். காகிதத்தைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார்.

"தினமும் காலையில் நான் என் நண்பனை வழியனுப்பி வைக்கிறேன். மேடை, என் குளியலறை. பெருமதிப்பிற்குரிய மேலாளர் அவர்களே என்று சோப்புப் பெட்டியைப் பார்த்துச் சொல்வேன். குழாய் கொட்டும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். கைதட்டல் ஓயட்டும் என்று."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். யாருடைய கதை என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்காவும் சிரித்தாள், முன் வரிசையில் அவள் தோள் குலுங்கியது. தான் கொடுத்த சரக்கு இப்படிப் பேசுகிறதே என்ற பெருமையில், பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டதாம். மறுகணம் ஞாபகம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் நான் சிரிப்பை விட்டு மாமா பக்கம் திரும்பினேன்.

மாமா கையிரண்டையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் வாசித்துக்கொண்டே போனார். வாளி நிறைவது, குழாயை மூடுவது, மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்குவது. பிறகு நண்பன் செத்துப்போகிறான். கடைசி வரியை அவர் மெதுவாக வாசித்தார். "நான் இருட்டில் கை வைத்தபோதெல்லாம் மேலே ஒருவன் எனக்காக விழித்திருந்தான். இன்று அவன் இறங்கிப் போகிறான். நான் எப்படி நன்றி சொல்வேன், எனக்குப் பேச வராது." என் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டர், கதையில் வந்தவர் இவர்தான் என்று தெரியாமலே, அக்கா வீட்டுக்காரர் என்று மாமாவிடம் வந்து கைகுலுக்கினார். "எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் மாமா. "உங்களுக்குக் குளிக்க ரொம்ப நேரம் ஆகும் போல."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது என்று சொல்வார்களே, அதை நான் அன்றைக்கு அவள் முகத்தில் நேரில் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா நூலக லிஃப்டைப் பற்றித்தான் பேசினார். கதவு இழுக்கிறது, யாராவது பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலையில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. வாளி நிறைந்தது, குழாய் நின்றது, நாலு சொம்பு ஊற்றிக்கொண்டார், வெளியே வந்துவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். வாரம் முழுக்க அப்படித்தான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக்கூட நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் என்னிடம் இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "கதை வேணும்னா கட்டி எழுது. மனுஷனை உரிச்சா எழுதுவ? உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றாள். "அவர் தட்டுல சோறு போடக்கூடக் கை கூசுது."

அதற்குமேல் நான் எதைத் திட்டுவது?

நூலகத்து மலரில் அந்தக் கதையை அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாஸ்டரிடம் ஓடினாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது விதி, தெரியும், ஆனாலும் கேட்கிறேன் என்றாள். மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. யாரைப் பற்றியது என்று சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரா? நான் கை வேற குலுக்கினேனேம்மா" என்றார். "நான் சிரிக்கறதுக்காக எழுதலை. அவங்க சிரிச்சப்போ எனக்கு நல்லா இருந்துச்சு, அதனால நானும் இழுத்து இழுத்துப் படிச்சுட்டேன்."

காகிதத்தை அப்போதே அக்கா கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். வேண்டாம், அதை நான்தான் கேட்க வேண்டும் என்று அக்கா வந்துவிட்டாள்.

கேட்கத் தைரியம் வர இன்னும் சில நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், "நீயும் கூட இரு. தனியா என்னால முடியாது" என்று என்னை மேலே கூட்டிப் போனாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாமா பழையபடி பேச வேண்டும். அவருக்கு இருந்த ஒரே இடத்தைத் தான் பிடுங்கிவிட்டதாகவும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் என்னிடம் படியேறும்போது சொன்னாள்.

மாமா சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் போய் நின்றாள்.

"அந்தக் கதை... அதை அவர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார் மாமா.

"சொல்லியிருக்கக் கூடாது. எனக்குக் கேவலமா இருக்கு. அச்சுல வராது, வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க..." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எப்பவும் போல பேசுங்க. அந்த நேரத்துல நான் சமையலறைப் பக்கமே வர மாட்டேன். கீழ இவ வீட்டுக்குப் போயிடறேன்."

மாமா கதவை ஆட்டிப் பார்த்தார். சத்தம் போய்விட்டது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கதை நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கடைசி வரியைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிட்டு இருந்தேன். அவருக்கு வந்துடுச்சு. அதுல எனக்குச் சந்தோஷம்தான், பார்ட்னரைப் பத்தி யாரோ ஒருத்தர் ஒழுங்காப் பேசிட்டாங்க. ஜனங்க சிரிச்சாங்க. சிரிக்கிற விஷயம்தான், யாரா இருந்தாலும் சிரிப்பாங்க."

"அப்போ பேசுங்களேன்" என்றாள் அக்கா.

"கைதட்டலுக்காக நிறுத்துவேன்னு ஒரு வரி படிச்சாரு பாரு. அதை அவர் முடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு சிரிப்பு வந்துச்சு. என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்ச ஆள் சிரிக்கிற சிரிப்பு. மத்தவங்க எல்லாம் அப்புறம்தான் சிரிச்சாங்க. முன்வரிசையிலேருந்து வந்துச்சு. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அக்கா தலையைத் தொங்கப்போட்டாள்.

"அப்போ வீட்லயும் சிரிச்சிருக்க" என்றார் மாமா. "நான் உள்ள நின்னு பேசும்போது, இங்க நின்னு சிரிச்சிருக்க."

குரலில் கோபமே இல்லை. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. துணியை மடித்து எண்ணெய்க் குப்பிமேல் வைத்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் அக்காவைப் பார்த்தார். 'இல்லைன்னு சொல்லுக்கா, பொய்யா இருந்தாலும் சொல்லு' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லவில்லை.